பல் முளைத்த மிக்கி

பழைய கார்ட்டூன் பொம்மைகளை வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் சின்ன வயதைத் தேடித்தான் போகிறார்கள். "இது எங்க வீட்ல இருந்துச்சே!" என்ற குரல் அந்த அறைகளில் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே கடைகளிலிருந்து காணாமல் போனவை. அதனாலேயே ஏக்கம் கண்ணை மறைக்காமல் நிதானமாகப் பார்க்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

நான் போனது தனியொருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்ததை வைத்து உருவான இடம். அதற்கே உரிய ஒழுங்கும் உண்டு, ஒழுங்கின்மையும் உண்டு. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிப் பேழைகள். ஒரு பேழையில் கவனமாகக் காலவரிசை. அடுத்ததில் "எங்கே வைப்பதென்று தெரியவில்லை, இங்கே இருக்கட்டும்" என்று வைத்தது போல ஒரு குவியல். எனக்கு இரண்டாவது வகைதான் பிடித்தது. கூடவே வந்த நண்பன் ஆஃப்செட் அச்சகம் நடத்துபவன். கார்ட்டூனில் அவனுக்குத் துளியும் ஆர்வம் கிடையாது. ஆனால் அச்சான எதைக் கண்டாலும் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்ப்பான். அவன் வந்தது நல்லதாகப் போயிற்று.

முதல் பேழையில் மஞ்சள் அங்கி போட்ட, காது விடைத்த ஒரு மொட்டைப் பையன். ரிச்சர்ட் அவுட்கால்ட் வரைந்த 'மஞ்சள் பையன்'. 1895 வாக்கில் நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் வர ஆரம்பித்த சேரிச் சிறுவன். பேழையில் இருந்தவை அவன் படம் போட்ட சட்டை பட்டன் வில்லைகள், நகம் அளவுதான். 1896-இல் ஹை அட்மிரல் சிகரெட் பாக்கெட்டோடு இலவசமாகக் கொடுத்தவை. குழந்தை முகத்தை வைத்து முதலில் விற்றவற்றில் சிகரெட்டும் ஒன்று என்பதை ஜீரணிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. இது அந்தக் காலத்து அறியாமை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. நாலு அறை தள்ளிப் போனால் ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் என்ற தொலைக்காட்சிக் கார்ட்டூனின் அலமாரி. 1960-இல் தொடங்கிய அந்தத் தொடரின் ஆரம்பகால விளம்பரதாரர்களில் வின்ஸ்டன் சிகரெட்டும் உண்டு. அதன் நாயகர்கள் ஃப்ரெட்டும் பார்னியும் வீட்டுப் பின்புறம் உட்கார்ந்து புகைவிடும் விளம்பரமே எடுத்திருக்கிறார்கள். அதே ஃப்ரெட் 1968-இல் குழந்தைகளுக்கான வைட்டமின் மாத்திரை ஆகிவிட்டார். எதை விற்பது என்பதில் கார்ட்டூன் பாத்திரங்களுக்கு என்றைக்குமே கொள்கை இருந்ததில்லை.

அவுட்கால்டுக்கு இந்த வியாபாரம் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. அடுத்து 1902-இல் அவர் உருவாக்கிய பஸ்டர் பிரவுன் பையனையும் அவன் நாய் டைக்கையும் தூக்கிக்கொண்டு 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்குப் போனார். அங்கே கேட்டவர்களுக்கெல்லாம் உரிமம் விற்றார். காலணி, சோப்பு, இன்னும் என்னென்னவோ. அதில் நிலைத்து நின்றது பிரவுன் ஷூ கம்பெனிதான். பல தலைமுறைக் குழந்தைகளுக்கு பஸ்டர் பிரவுன் என்றால் கதையே கிடையாது, செருப்புப் பெட்டிதான். பேழையில் இருந்த கை அகலத் தகர விளம்பரத்தில் டைக்கின் சிரிப்பு இன்னும் மங்கவில்லை.

நான் அதிக நேரம் நின்றது மிக்கி மவுஸ் அறையில். மிக்கி பிடிக்கும் என்பதால் அல்ல. மிக்கி மாதிரியே இல்லாத மிக்கிகள் அங்கே இருந்ததால்.

1928 நவம்பரில் 'ஸ்டீம்போட் வில்லி' என்ற மிக்கி கார்ட்டூன் படம் வெளியானபின் எலிக்குச் சட்டென்று புகழ் வந்துவிட்டது. மறுவருடம் நியூயார்க் ஓட்டல் ஒன்றில் யாரோ ஒருவர் வந்து, பிள்ளைகள் எழுதும் தாள்கட்டு அட்டையில் மிக்கி படத்தைப் போட 300 டாலர் கொடுத்ததாக வால்ட் டிஸ்னி பின்னாளில் சொல்லியிருக்கிறார். பணமுடை, வாங்கிக்கொண்டார். அங்கிருந்து ஒரு நாலைந்து வருடம் யார் வேண்டுமானாலும் அவரவருக்குத் தோன்றியபடி மிக்கி செய்தார்கள். உரிமத்தோடு சிலர், உரிமம் இல்லாமல் பலர். இதில் பாதிப் பேர் படத்தை ஒருமுறை பார்த்திருந்தால் அதிகம். சுவரொட்டியைப் பார்த்துச் செய்தவர்களும், யாரோ செய்த பொம்மையைப் பார்த்துச் செய்தவர்களும் உண்டு.

விளைவு, பல் வைத்த மிக்கி. வரிசையாக, வெள்ளை வெளேரென்று, மேலும் கீழும் பல். பிரிட்டனின் டீன்ஸ் ராக் புக் நிறுவனம் 1930 வாக்கில் தைத்த வெல்வெட் மிக்கியின் சிரிப்பைப் பார்த்தால், படுக்கையறையில் இதை வைத்துக்கொண்டு எந்தக் குழந்தை தூங்கியிருக்கும் என்றுதான் தோன்றும். ஜெர்மானியத் தகர மிக்கிகள் சிலவற்றுக்குக் கைக்கு ஐந்து விரல். படத்தில் இருப்பதோ நான்கு. உடம்பு மெலிந்து, மூக்கு நீண்டு, நிஜ எலியின் சாயல். களஞ்சியத்தில் நெல் திருடுகிற ஜாதி. எனக்கு என்னவோ அந்த எலிகள்தான் உயிரோடு இருப்பதாகப் பட்டது. யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து, "எலின்னா பல் இருக்கும்ல" என்று தனக்குத்தானே முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவு தகரத்தில் அப்படியே நிற்கிறது.

இந்தப் பற்களுக்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் சார்லட் கிளார்க் என்ற தையல்காரப் பெண்மணி மிக்கி துணிபொம்மை செய்ய நினைத்தார். பார்த்து வரைய மாதிரிப்படம் இல்லை. அவருடைய மருமகன் முறைப் பையன் ஒருவன் தியேட்டரில் உட்கார்ந்து, திரையில் ஓடும் மிக்கியை இருட்டிலேயே வரைந்துகொண்டு வந்தான். அந்தப் பையன் பாப் கிளாம்பெட், பின்னாளில் வார்னர் பிரதர்ஸின் பெரிய கார்ட்டூன் இயக்குநர்களில் ஒருவர். 1930-இல் டிஸ்னி சகோதரர்கள் அந்த பொம்மையைப் பார்த்து அசந்துபோய் அவரையே செய்யச் சொல்லிவிட்டார்கள். கையால் தைத்துக் கட்டுப்படியாகாத அளவுக்குக் கிராக்கி. கடைசியில், வீட்டிலேயே தைத்துக்கொள்ள மெக்கால் நிறுவனம் வழியாகத் தையல் பேட்டர்னையே விற்க ஆரம்பித்தார்கள். பேழையில் இருந்த இரண்டு துணி மிக்கிகளில் ஒன்று கிளார்க் செய்தது, மற்றது அந்தப் பேட்டர்னை வைத்து ஏதோ ஒரு அம்மா தைத்தது. அம்மா தைத்ததில் ஒரு காது சின்னது. கழுத்தில் பஞ்சு பற்றாமல் தலை லேசாகத் தொங்குகிறது. பட்டன் மட்டும் மூன்று நான்கு முறை நூல் ஓட்டி உறுதியாகத் தைத்திருந்தது. குழந்தை பிய்த்து வாயில் போட்டுவிடும் என்ற பயமாக இருக்கலாம். அந்த அறையில் இருந்த விலைமதிப்பான சாமான்கள் எதையும்விட இந்தப் பொம்மையை அதிக நேரம் பார்த்தேன்.

1932-இல் கன்சாஸ் சிட்டியைச் சேர்ந்த கே கேமன் என்ற விளம்பரக்காரர் டிஸ்னியின் வியாபார உரிமம் மொத்தத்தையும் கையில் எடுத்தார். தரமில்லாதவர்களைக் கழித்துக்கட்டினார். உரிமம் பெற்றவர்களுக்கு எப்படி வரைய வேண்டும் என்று படங்கள் போயின. விற்பனைப் பட்டியல் புத்தகங்கள் வந்தன. பேழைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தால் அந்த மாற்றம் கண்கூடு: பற்கள் மறைகின்றன, விரல் நான்காகிறது, முகம் உருண்டையாகிறது. தரம் கூடியது என்பதில் சந்தேகமில்லை. கேமன் இல்லாவிட்டால் ஸ்டுடியோவுக்கு அந்த ஆண்டுகளில் அவ்வளவு பணம் வந்திருக்காது. 1949-இல் அசோர்ஸ் தீவுகளில் நடந்த ஏர் பிரான்ஸ் விமான விபத்தில் அவரும் மனைவியும் இறந்தார்கள். அவர் பெயரைக் கார்ட்டூன் ரசிகர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? நாம் இன்று மிக்கி என்று அடையாளம் காணும் முகத்தை எல்லாப் பொருளிலும் ஒன்றுபோல ஆக்கியதில் ஓவியர்களுக்குச் சமமாக அவருக்கும் பங்கு உண்டு. ஆனாலும் அவர் வந்தபிறகான பேழைகளை நான் வேகமாகத்தான் கடந்தேன். நூறு பொருள், ஒரே முகம்.

விதிவிலக்கு, இங்கர்சால் கைக்கடிகாரம். 1933-இல் வந்தது. திவாலின் விளிம்பில் இருந்த நிறுவனம் அது. மிக்கியின் இரண்டு கைகளும் மணி முள், நிமிட முள். மஞ்சள் கையுறை போட்ட விரல்கள் எண்களைச் சுட்டுகின்றன. கீழே நொடி காட்டும் குட்டி வட்டத்தில் மூன்று சின்ன மிக்கிகள் ஒருவரையொருவர் துரத்துகிறார்கள். அதை அருகில் பார்த்தால்தான் வேடிக்கை புரியும். மூன்றே முக்கால் மணிக்கு மிக்கி இயல்பாக இருக்கிறார். ஆறு மணிக்கு ஒரு கை தலைக்கு மேலும் ஒரு கை காலுக்கு நடுவிலுமாக, தோள்பட்டை கழன்றவர் போல நிற்கிறார். இரண்டு வருடத்தில் இருபது லட்சத்துக்கும் மேல் விற்றது. பேழையில் இருந்தது நின்றுபோன கடிகாரம். யாரோ அதைப் பத்து மணி பத்து நிமிடத்தில் வைத்திருந்தார்கள், விளம்பரப் படங்களில் வைப்பது போல.

பக்கத்திலேயே லயனல் கம்பெனியின் கைத்தள்ளு ரயில்வண்டி. 1934-இல் ஒரு டாலருக்கு விற்றது. மிக்கியும் மின்னியும் எதிரெதிரே நின்று நெம்புகோலை ஏற்றி இறக்க, வண்டி வட்டத் தண்டவாளத்தில் சுற்றும். திவாலாக இருந்த லயனலை மிக்கிதான் காப்பாற்றினார் என்று விளக்க அட்டையில் எழுதியிருந்தது. எல்லா இடத்திலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஒரு டாலர் வண்டியில் என்ன லாபம் நிற்கும்? மின்சார ரயில் விற்கிற கம்பெனியை அது மட்டுமே கரைசேர்த்தது என்பதை நான் நம்பத் தயாரில்லை. கடன்காரர்களிடம் அவகாசம் வாங்க அந்தப் புகழ் உதவியிருக்கும். கதைக்கு அது போதவில்லை, அதனால் எலியே காப்பாற்றியதாக ஆக்கிவிட்டார்கள்.

தகரப் பொம்மை அறைக்கு வந்ததும் நண்பனுக்கு உயிர் வந்துவிட்டது. "இங்க பாரு, ரெஜிஸ்டர் அவுட்" என்று கூப்பிட்டான். 1930-களின் பாப்பாய், மார்க்ஸ் கம்பெனி செய்தது. இரண்டு கையிலும் கிளிக்கூண்டு தூக்கிக்கொண்டு நடக்கிற சாவி பொம்மை. சட்டையின் சிவப்பு, கறுப்புக் கோட்டை விட்டு நூலிழை அளவு விலகி அச்சாகியிருந்தது. அதைத் தொட்டுத் தொடங்கி அரைமணி நேரம் பாடம் எடுத்தான். பொம்மையைச் செய்துவிட்டு வண்ணம் பூசுவதில்லை. தட்டையான தகரத் தகட்டில் முதலில் எல்லா வண்ணங்களையும் அச்சடித்து, அடுப்பில் சுட்டு, வார்னிஷ் ஏற்றி, அதற்கப்புறம்தான் அழுத்து இயந்திரத்தில் வெட்டி வளைப்பார்கள். மூக்கு எங்கே புடைக்கும், கன்னம் எங்கே குழியும் என்று கணக்குப் போட்டு, தட்டையில் கோணலாக வரைய வேண்டும். வளைந்தபிறகுதான் அது நேராகும். கணக்கு தப்பினால் கண் காதுப் பக்கம் போய்விடும். "கண்ணு தப்பிப்போன பொம்மைங்க இருக்கான்னு கேளு" என்றான். இருந்தது. கீழ்த்தட்டில், ஒரு கண் மூக்கின் சரிவில் வழிந்த பாப்பாய்.

அவன் சொன்ன இன்னொரு தகவல் எனக்குப் புதிது. இன்று புத்தகமும் பத்திரிகையும் அச்சாகும் ஆஃப்செட் முறையே முதலில் தகரத்துக்காகத்தான் வந்ததாம். 1875-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்லே காப்புரிமை வாங்கியது தகரத்தில் அச்சடிக்கும் இயந்திரத்துக்கு. கல்லையோ தகட்டையோ நேராகத் தகரத்தில் அழுத்தினால் மை சரியாக ஏறாது. நடுவில் நெகிழ்வான ஒரு உருளை வேண்டும். காகிதத்துக்கு அது வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். தன் தொழிலின் தாத்தா பிஸ்கட் டப்பாவும் பொம்மையும்தான் என்பதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

போர்க்காலத்தில், 1942-இல், அமெரிக்காவில் உலோகப் பொம்மை உற்பத்தி நின்றது. அதன்பின் தகரப் பொம்மையின் ஊர் ஜப்பான். மார்க்ஸ் கம்பெனியே லைன்மார் என்ற பெயரில் அங்கே பாப்பாயும் மிக்கியும் செய்து இறக்குமதி செய்தது. 1947-க்குப் பிறகு சில ஆண்டுகள் வந்தவற்றின் அடியில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்று முத்திரை இருக்கும். ஒரு நாடு தோற்றதன் சான்றிதழ், சிரிக்கிற வாத்தின் பாதத்தில். அந்த ஒரு பேழைக்கு மட்டும் அடியில் கண்ணாடி வைத்து முத்திரை தெரிகிற மாதிரி அமைத்திருந்தார்கள். எல்லாப் பேழைக்கும் அப்படிச் செய்திருக்க வேண்டும். இந்தப் பொம்மைகளின் பாதி வரலாறு அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. மிக்கி பொருளில் 'வால்ட் டிஸ்னி என்டர்பிரைசஸ்' என்றிருந்தால் 1930-களுடையது. 'புரொடக்‌ஷன்ஸ்' என்றிருந்தால் அதற்குப் பிந்தையது. கண்ணும் காலம் சொல்லும். கறுப்புக் கண்மணியில் ஒரு துண்டு வெட்டியெடுத்த மாதிரி இருந்தால் முந்தியது, வெள்ளை விழியும் கண்மணியும் தனித்தனியாக இருந்தால் 1930-களின் கடைசியில் முகம் மாறியதற்குப் பிறகு.

ஒரு மூலையில் ஃபீலிக்ஸ் பூனையின் மரப்பொம்மை, கைகால் மடக்கக்கூடியது. 1928-இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் தொலைக்காட்சிச் சோதனை ஒளிபரப்பு நடத்தியபோது காமிராவுக்கு முன் சுழல்மேடையில் நின்றது ஒரு ஃபீலிக்ஸ் பொம்மைதான். காகிதக்கூழில் செய்தது. அந்த விளக்குகளின் சூட்டில் மனிதர் யாரும் மணிக்கணக்கில் நிற்க முடியாது, பூனை நின்றது. அறுபதே கோடுகளில், இரண்டு அங்குலப் படமாக. கார்ட்டூனைத் தொலைக்காட்சி வாழவைத்தது என்போம். முதலில் தொலைக்காட்சிக்கு நின்று கொடுத்தது கார்ட்டூன் பொம்மைதான்.

ரப்பர், செல்லுலாய்ட், பிளாஸ்டிக் பொருட்கள் இருந்த அறையில் விளக்கு மங்கல், குளிர் அதிகம். காரணம் அலங்காரமல்ல. ஓஹியோவின் சீபர்லிங் கம்பெனி 1938-இல் செய்த ஏழு குள்ளர்களில் சிலர் மூக்கு உள்வாங்கி, தோள் சரிந்து, நிஜமாகவே கிழண்டு போயிருந்தார்கள். ரப்பர் இறுகி வெடித்திருந்தது. செல்லுலாய்ட் பொம்மைகளுக்குத் தனி அலமாரி, காற்றோட்டத்தோடு. சிதையும்போது அது விடுகிற வாயு பக்கத்தில் இருக்கும் உலோகத்தையும் அரிக்கும். எளிதில் தீயும் பற்றும். படத்துக்காகக் கையால் வரைந்த, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்கள், 'செல்' என்பார்களே, அவையும் அங்கேதான். பழையவை நைட்ரேட் என்ற வகைப் பிளாஸ்டிக், பிந்தையவை அசிடேட் என்ற வகை. அசிடேட் கெட ஆரம்பித்தால் வினிகர் வாடை அடிக்கும். சட்டம் போட்டு மாட்டிய ஒரு படத்தின் கீழே "வாசனை வந்தால் பணியாளரிடம் சொல்லவும்" என்று எழுதி வைத்திருந்தார்கள். அருங்காட்சியகத்தில் மூக்குக்கு வேலை கொடுத்து நான் பார்த்த ஒரே அறிவிப்பு. இந்தச் செல்களை ஒரு காலத்தில் ஸ்டுடியோக்கள் கழுவித் துடைத்து மறுபடி பயன்படுத்தினார்கள். 1938-இல் 'ஸ்னோ ஒயிட்' செல்களை சான்ஃபிரான்சிஸ்கோவின் கூர்வாசியே கலைக்கூடம் விற்கத் தொடங்கியபிறகுதான் அது கலைப்பொருள் ஆனது.

ஒரு பேழையைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. கறுப்பின மக்களைக் கேலிசெய்யும் முகங்கள் கொண்ட பொம்மைகளை ஒளித்துவைக்காமல், விளக்கத்தோடு வைத்திருந்தார்கள். வெள்ளைக் கையுறையும் அகன்ற வாயும் பெரிய கண்ணும் மேடைகளில் கறுப்புச் சாயம் பூசி ஆடிய கேலிக்கூத்திலிருந்து கார்ட்டூனுக்கு எப்படி வந்தன என்று நேராகவே எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டுத் திரும்பினால் எதிர்ப்பேழையில் எல்லோரும் வெள்ளைக் கையுறை போட்டுச் சிரிக்கிறார்கள். அந்தப் பேழையை அந்த இடத்தில் வைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

மதிய உணவுப் பெட்டிகளின் சுவர் கூட்டத்துக்குப் பிடித்த இடம். அலாடின் கம்பெனி 1950-இல் ஒரு சாதாரணப் பெட்டியில் கவ்பாய் நாயகன் ஹோபலாங் காசிடியின் படத்தை ஒட்டி, ஒரே வருடத்தில் ஆறு லட்சம் விற்றது. பெட்டி உடையாமல் வருடக்கணக்கில் உழைக்கிறதே, எப்படி அடுத்ததை விற்பது என்ற கவலைக்குக் கிடைத்த விடை அது. பெட்டி உடைய வேண்டியதில்லை, நாயகன் பழசானால் போதும். 1985-இன் ராம்போதான் பெரிய கம்பெனிகளின் கடைசி எஃகுப் பெட்டி, அப்புறம் பிளாஸ்டிக். சுவரில் பள்ளமும் கீறலும் இல்லாத பெட்டிகள் மேல்வரிசையில், அடிபட்டவை கீழ்வரிசையில். நான் மாற்றி அடுக்கியிருப்பேன்.

கடைசி அறை 1980-கள். அங்கே கதை தலைகீழ். மேட்டல் கம்பெனி ஹீ-மேன் பொம்மையை 1982-இல் கடைக்குக் கொண்டுவந்தது, கார்ட்டூன் 1983-இல்தான். டிரான்ஸ்ஃபார்மர்ஸும் அப்படித்தான்: ஜப்பானிய டகாரா நிறுவனத்தின் பொம்மைகளை ஹாஸ்ப்ரோ கம்பெனி வாங்கி, கதை ஒட்டி, 1984-இல் விட்டது. 1969-இல் ஹாட் வீல்ஸ் கார்களை வைத்து ஒரு தொடர் வந்தபோது "இது அரைமணி நேர விளம்பரம்" என்று அமெரிக்க ஒளிபரப்பு ஆணையம் முகம் சுளித்தது. 1984-இல் அதே ஆணையம் கட்டுப்பாடுகளைத் தளர்த்திவிட்டது. இதைக் கார்ட்டூனின் வீழ்ச்சி என்று விளக்க அட்டை புலம்புகிறது. சிகரெட் வில்லையில் ஆரம்பித்த பேழையைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அந்தப் புலம்பல் எடுபடவில்லை. நூறு வருடமும் விற்பனைதான். என் குறை வேறு: இந்தப் பொம்மைகளில் தப்பே இல்லை. அச்சிலிருந்து வந்த ஆயிரமாவது பொம்மையும் முதலாவதும் ஒன்று. பல் வைக்கலாமா என்று யோசிக்க ஒருவருக்கும் இடமில்லை.

இந்த மாதிரி இடங்களுக்கு ஆயுசு குறைவு. 'பீட்டில் பெய்லி' என்ற படக்கதையை வரைந்த மார்ட் வாக்கர் 1974-இல் கனெக்டிகட்டில் தொடங்கிய கார்ட்டூன் அருங்காட்சியகம் நியூயார்க் பக்கம் போய், ஃபுளோரிடா போய், 2002-இல் மூடப்பட்டு, சேகரிப்பு ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனது. பால்டிமோரில் 2006-இல் திறந்த கெப்பி அருங்காட்சியகம் 2018-இல் மூடியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு நன்கொடையாயின. நூலகங்கள் ஓவியத்தையும் காகிதத்தையும் நன்றாகவே காப்பாற்றும். துணி மிக்கியையும் மூக்கு சரிந்த குள்ளனையும் எத்தனை நூலகம் வாங்கிக்கொள்ளும் என்பதுதான் சங்கடம். நான் போன இடத்திலும், சேகரித்தவரின் பிள்ளைகள் இதை எவ்வளவு நாள் நடத்துவார்கள் என்று பேழை துடைத்துக்கொண்டிருந்த தன்னார்வலரிடம் கேட்டேன். வாடகை, காப்பீடு, குளிர்சாதனம் என்று விரல்விட்டு எண்ணிவிட்டு, அடுத்த பேழைக்குப் போய்விட்டார்.

உங்கள் பக்கத்தில் இப்படி ஒன்று இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். கடைசி அறையில் ஆரம்பித்துப் பின்னோக்கி நடங்கள். எல்லா முகமும் ஒன்றாக இருப்பதில் தொடங்கி, ஒவ்வொன்றும் வேறுவேறாக ஆகும் இடத்துக்கு வந்து சேர்வீர்கள். சின்ன டார்ச் எடுத்துப் போங்கள், அனுமதி கேட்டுவிட்டு. கீழ்த்தட்டுகளைக் குனிந்து பாருங்கள். சுமாரானவை என்று ஒதுக்கியதையெல்லாம் அங்கேதான் வைக்கிறார்கள்.